பாய்லர் முள் ஏறி இறங்குகிறதா? எக்ஸ்பான்ஷன் வெசலைப் பாருங்கள்

வணக்கம். லண்டன் வீட்டில் ஹீட்டிங் போட்டால் காம்பி பாய்லரின் (ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுநீருக்கும் ஒரே பாய்லர்) அழுத்தமானி முள் 3 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) ஏறுகிறது, ஆறியதும் 0.3க்கு விழுகிறது என்கிறீர்கள். ரேடியேட்டர் கசிவு மட்டும் என்றால் இறங்கும், இப்படி ஏறாது. பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசலில் (ரப்பர் தடுப்பின் ஒருபக்கம் காற்றும் மறுபக்கம் தண்ணீரும் உள்ள கலம்) இருந்த காற்று வெளியேறியிருக்கும். சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடமில்லாததால், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே கொட்டுகிறது. குழாயடியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். கொதிநீர் வரலாம், கை வைக்க வேண்டாம்.

தற்காலிகமாக, பாய்லர் ஆறியபின் ஃபில்லிங் லூப் (குழாய்த் தண்ணீரை ஹீட்டிங்குக்குள் விடும் இணைப்பு) வழியே 1 முதல் 1.5 பார் வரை நிரப்பி, வால்வுகளை முழுதாக மூடுங்கள். தினமும் நிரப்பாதீர்கள்! புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜன் வரும், இன்ஹிபிட்டர் (துருத்தடுப்பு மருந்து) நீர்த்துப்போகும், ரேடியேட்டருக்குள் கருஞ்சேறு படியும்.

பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலை கேஸ் சேஃப் (பிரிட்டனின் எரிவாயு வேலையாட்கள் பதிவேடு) பதிவுள்ளவருக்கு மட்டும். அவர் தண்ணீர்ப் பக்க அழுத்தத்தைப் பூஜ்யமாக்கி, வடிகாலைத் திறந்தே வைத்து, வெசலில் கையேட்டில் உள்ள அளவுக்கு (வழக்கமாக 0.75 முதல் 1 பார்) காற்றடிக்க வேண்டும். காற்று வால்வில் தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது, வெசலை மாற்றத்தான் வேண்டும். ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வு பலசமயம் சரியாக மூடாது, அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மேக்னெட்டிக் ஃபில்டரையும் (கருஞ்சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டி) கண்டன்சேட் ட்ராப்பையும் (பாய்லர் புகையிலிருந்து குளிர்ந்து வரும் நீர் சேரும் பொறி) அதே வருகையில் கழுவிவிடலாம்.