'ஸ்கின்னி' என்றால் ஒல்லி மட்டும்தானா?

ஆங்கிலத்தில் 'ஸ்கின்னி' என்றால் அளவுக்கு மீறி மெலிந்த என்று பொருள். 'ஸ்கின்' தோல், சதைப்பிடிப்பே இல்லாமல் தோல் எலும்பைப் போர்த்தியிருக்கிறது என்பது உள்ளர்த்தம். நாம் 'எலும்பும் தோலுமாக' என்கிறோமே, அச்சு அசலாக அதேதான்.

கோத்தகிரி தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நெடுநெடுவென்று நிற்கும் இளம் சில்வர் ஓக் மரத்தின் மெலிவு அழகு, அது 'ஸ்லெண்டர்'. ஜனவரி உறைபனியில் புல் கருகியபின், விலா எலும்பை எண்ணிவிடலாம்போல் நிற்கும் மாடு 'ஸ்கின்னி'. ஆகவே ஒருவரைப் பாராட்ட 'ஸ்லெண்டர்' அல்லது 'ஸ்லிம்' என்று சொல்லுங்கள். 'ஸ்கின்னி' பலருக்கு மனதில் தைக்கும்.

துணிக்கு அந்தக் குத்தல் கிடையாது: 'ஸ்கின்னி ஜீன்ஸ்' கணுக்கால்வரை ஒட்டிப்பிடிக்கும் பேண்ட், அவ்வளவுதான்.

ஊட்டி, கொடைக்கானல் காபிக் கடைகளில் 'ஸ்கின்னி லாட்டே' (லாட்டே, பால் அதிகம் சேர்த்த காபி) என்று பார்த்தால் தண்ணியான காபி என்று நினைக்க வேண்டாம். கொழுப்பு நீக்கிய பாலில் போட்டது, காபியின் அளவு குறைவதில்லை.