காட்டுப்பன்றி வேட்டைக்கு எந்த ரிவால்வர்? கேள்வி பதில்

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெரிய ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இவை. இங்கே ‘தோட்டா’ என்பது முழு உருப்படி. அதிலிருந்து பறப்பது ‘குண்டு’. குண்டின் எடை கிரெயின் கணக்கில்: 240 கிரெயின் ஏறக்குறைய 15.5 கிராம். ‘.357 மேக்னம்’, ‘.44 மேக்னம்’ போன்றவை தோட்டா ரகங்களின் பெயர்கள்.

கேள்வி: அண்ணா, கையில் .357 மேக்னம் இருக்கு. அதுவே போதாதா?

குட்டிக்கும் நடுத்தரப் பன்றிக்கும் 25 கெஜத்துக்குள் போதும், 180 கிரெயின் கெட்டி ஈயக் குண்டாக இருந்தால். சிக்கல் முதிர்ந்த ஆண் பன்றியிடம்தான். அதன் தோளை மூடி, தோலுக்கடியில் விறைத்த கவசம் ஒன்று வளர்ந்திருக்கும். அதைத் துளைத்து, எலும்பையும் உடைத்து, மறுபக்கம் வெளியேற .357-இல் மிச்சபலம் குறைவு. குண்டு மறுபக்கம் வராவிட்டால் நுழைந்த ஓட்டையைக் கொழுப்பே அடைத்துவிடும். தரையில் ரத்தத் தடம் இருக்காது, அடிபட்ட பன்றி புதருக்குள் போய்விடும். புதிதாக வாங்குவதென்றால் .44-லிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: .44 மேக்னம், .454 கசுல், .500 ஸ்மித் அண்ட் வெசன். எதை எடுப்பது?

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு .44 மேக்னம். 1955-இல் வந்தது, தோட்டா எளிதில் கிடைக்கும், பழகுவதற்கு அதே துப்பாக்கியில் மென்மையான .44 ஸ்பெஷலையும் சுடலாம். .44-இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு, .454-க்கு 65,000. அந்த வித்தியாசம் அப்படியே மணிக்கட்டில் தெரியும். 2003-இல் வந்த .500-இன் நீளக்குழல் ரிவால்வர் இரண்டு கிலோ கனம். பன்றிக்கு அவ்வளவு தேவையில்லை.

உங்கள் கை எதைத் தாங்கும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. மூன்று புதுத் தோட்டாக்களையும் சுட்டு முடித்த மூன்று காலி உறைகளையும் கலந்து நண்பரைப் போடச் சொல்லுங்கள். வரிசை உங்களுக்குத் தெரியக்கூடாது. சுத்தி (விசையை இழுத்ததும் தோட்டாவை அடிக்கும் உறுப்பு) காலி உறையில் விழும்போது குழல்முனை கீழே குனிந்தால், வெடிக்கு முன்பே கை பயப்படுகிறது என்று அர்த்தம். அந்தத் தோட்டாவோடு வேட்டைக்குப் போகாதீர்கள். ஒரு படி இறங்குங்கள்.

கேள்வி: .45 கோல்ட் தோட்டாவையும் மருந்து கூட்டிப் பலமாக நிரப்பலாமாமே?

துப்பாக்கியைப் பொறுத்தது. .45 கோல்ட் 1873-ஐச் சேர்ந்தது; அதன் நியம அழுத்தம் 14,000 பவுண்டுதான். ரூகர் பிளாக்ஹாக், ரெட்ஹாக் போன்ற கனமான சட்டகங்களுக்கென்று தனியாக விற்கும் கடும் தோட்டாவைப் பழைய கோல்ட் ரிவால்வரிலோ அதன் நகல்களிலோ போட்டால், தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரே பிளக்கலாம். பெட்டியிலுள்ள எச்சரிக்கையைப் படிக்காமல் ஒன்றுகூடப் போடாதீர்கள்.

கேள்வி: குழல் எவ்வளவு நீளம்? எந்த மாடல்?

6 முதல் 7.5 அங்குலம். நாலங்குலக் குழலில் வேகம் குறையும், வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் கூடும். தொலைநோக்கி பொருத்துவதென்றால் ரூகர் சூப்பர் ரெட்ஹாக்: அதற்கான வெட்டுகள் சட்டகத்திலேயே உண்டு, 7.5 அங்குல மாடல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. வெறும் குறிமுனையோடு இடுப்பில் சுமந்து நடக்க சூப்பர் பிளாக்ஹாக் நல்லது. ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கையால் இழுக்க வேண்டும். 1973-க்கு முந்தைய பழைய ரூகர் கிடைத்தால் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்தியைக் காலி அறைமேல் நிறுத்துங்கள். கீழே விழுந்தால் அவை வெடிக்கக்கூடியவை.

கேள்வி: ஐந்தாவதைச் சுட்டதும் சிலிண்டர் சுற்றவே மாட்டேன் என்கிறது. துப்பாக்கி பழுதா?

பெரும்பாலும் தோட்டாதான் காரணம். ஒவ்வொரு பின்னுதையிலும் துப்பாக்கி பின்னால் பாய, மீதித் தோட்டாக்களின் குண்டுகள் உறையை விட்டு இழுபட்டு முன்னால் நகரும். சிலிண்டரைத் தாண்டி ஒரு மயிரிழை நீட்டினாலும் குழலின் பின்விளிம்பில் முட்டும், எல்லாம் பூட்டிக்கொள்ளும். 700 கிராமுக்கு வரும் இலேசு .44-களில் இது மிக அதிகம்.

ஆறாவது தோட்டாவின் நீளத்தை முதலில் வெர்னியர் காலிப்பரால் அளந்து கொள்ளுங்கள். ஆறையும் போட்டு ஐந்தைச் சுட்டு, ஆறாவதை எடுத்து மறுபடி அளங்கள். நீண்டிருந்தால் அந்த ரகத்தை விட்டுவிடுங்கள். தோட்டாவை நீங்களே நிரப்புபவரென்றால் உறைவாயைக் குண்டின் பள்ளத்துக்குள் இன்னும் இறுக மடியுங்கள்.

நீளம் மாறவில்லையென்றால் நட்சத்திர வடிவ வெளித்தள்ளிக்கு அடியில் பாருங்கள். வேகாத மருந்துத்துகள் நாலைந்து போதும், சிலிண்டர் இறுக. .44 ஸ்பெஷல் நிறையச் சுட்டிருந்தால் வேறொன்று: அதன் உறை எட்டில் ஒரு அங்குலம் குட்டை, அது முடியும் இடத்தில் கரிவளையம் படியும், மேக்னம் முழுதாக உள்ளே போகாது. பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: குண்டு எந்த மாதிரி?

பெரிய ஆண் பன்றிக்கு 240 முதல் 300 கிரெயின் வரை, அகலத் தட்டைமுனை கொண்ட கெட்டி ஈயம். மற்றவற்றுக்குக் கனமான குழிமுனையும் சரியே. தற்காப்புக்கென்று விற்கும் இலேசான குழிமுனை வேண்டாம். கவசத்திலேயே விரிந்து நின்றுவிடும்.

கேள்வி: எங்கே குறி வைப்பது?

மானுக்கு வைப்பதுபோல் வைத்தால் தவறும். பன்றியின் இதயமும் நுரையீரலும் தாழ்வாக, முன்கால்களுக்கு இடையே தள்ளியிருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் நடுக்கோட்டிலேயே மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். பிடரிமயிர் முதுகை நிஜத்தைவிட உயரமாகக் காட்டும். அதை நம்பினால் குண்டு முதுகெலும்புக்கு மேலே போகும்.

ஆறு அங்குலக் காகிதத்தட்டில் ஆறுக்கு ஆறு விழும் தூரம்தான் உங்கள் எல்லை. 40 கெஜம் என்றால் 40. 45-இல் நிற்கும் பன்றி உங்களுடையதல்ல.

கேள்வி: ஹெச்-1பி-யில் இருக்கிறேன். காட்டுப்பன்றிக்கு உரிமமே வேண்டாமென்கிறார்களே?

தம்பி, இதில் கவனம். 2019 செப்டம்பர் 1 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு பன்றி சுட டெக்சாஸ் வேட்டை உரிமம் கேட்பதில்லை. ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. அதற்கான விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆகவே பன்றிக்குத் தேவையில்லாத அந்த உரிமம் உங்களுக்குத் தேவை. டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-இல் முடியும். அதற்கு முன்பே புதியதை வாங்கிவிடுங்கள். வாங்குமுன் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுடும்போது விரலைக் குறித்து எச்சரிக்கிறார்களே, ஏன்?

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே தாளளவு இடைவெளி உண்டு. வெடிக்கும்போது அதன் வழியே பக்கவாட்டில் பீய்ச்சும் வாயு தோலைக் கிழிக்கும். இரண்டு கையும் பிடியில்தான்; நீளத்துப்பாக்கிப் பழக்கத்தில் இடதுகையை முன்னால் கொண்டுபோகாதீர்கள். மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டால் அந்த இடத்தில் தோல்துண்டு ஒன்று போடுங்கள். காதுக்கு உள்ளடைப்பானும் மேல்மூடியும் இரண்டுமே வேண்டும்.

கேள்வி: சுட்ட பன்றியைச் சாப்பிடலாமா?

தாராளமாக. புருசெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் கிழிக்கும்போது கையுறை போடுங்கள், கண்ணில் ரத்தம் தெறிக்காமல் பாருங்கள். கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகட்டும்.