மகள் கம்பஸ் போகக் காசுக்கு என்ன வழி? மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதிலிருந்து ஒரே கேள்வியைப் பலரும் கேட்கிறீர்கள். நானும் தோட்டத்து லய வீட்டிலிருந்து கம்பஸ் போனவள்தான், இப்போது ஹட்டன் பக்கம் உயர்தரம் படிப்பிக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு யாழ்ப்பாணம் கிடைத்திருக்கிறது மிஸ். படிப்பு இலவசம் என்கிறார்கள், பிறகு எதற்குக் காசு?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, அது உண்மைதான் அம்மா. சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி, டேட்டா எல்லாம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு அரசு தரும் உதவிப்பணம் இரண்டு: மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது, பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆனது, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஆனால் தொகையை விட அது வந்து சேரும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். தெரிவுப் பட்டியல் வந்து காசு கணக்கில் விழ மாதக்கணக்கில் இழுக்கும். எனக்குத் தெரிந்து பாதியில் திரும்பி வந்த பிள்ளைகள் எல்லாரும் முதல் மூன்று மாதத்துக்குள்தான் வந்தார்கள். சீட்டு எடுக்கிறீர்களோ, மாமாவிடம் கேட்கிறீர்களோ, அந்த மூன்று மாதச் செலவை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

பண்டாரவளை மாணவி: தோட்டப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதும் உண்டா?

உண்டு தங்கச்சி. இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக நடக்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உதவுகிறது. அப்புறம், பேப்பர்களைச் சரி பாருங்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் 'ராமையா', அவருடைய அடையாள அட்டையில் 'இராமையா'. அந்த ஒரு எழுத்துக்காக ஓர் அலுவலகம் என்னை இரண்டு மாதம் அலையவிட்டது, ஒரு விண்ணப்பமே தவறிப்போனது. பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகாமல் அப்பா என்னோடு வந்து அந்த அலுவலக வாங்கில் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், சம்பளத் துண்டு, கிராம சேவகரின் வருமான உறுதிப்படுத்தல், எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொட்டகலை அண்ணன்: தங்கச்சிக்குப் புள்ளி போதவில்லை. இனி என்ன?

வெட்டுப்புள்ளியை மாவட்டப்படிதான் பார்த்தீர்களா? பெரும்பாலான படிப்புகளில் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. அதிலும் கிடைக்காவிட்டால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது, ஆசிரியையாகலாம். தனியார் பட்டப்படிப்புக்கு அரசின் வட்டியில்லாக் கடன் உண்டு, ஆனால் அது கடன். திருப்பிக் கட்டும் காலத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பதுளைப் பட்டதாரி: வெளிநாட்டில், பெண்களுக்கு மட்டும் என்று எதுவும் இருக்கிறதா அக்கா?

இரண்டு சொல்கிறேன். மார்கரெட் மக்னமாரா கல்வி மானியம் 1981 இல் தொடங்கியது. வளர்முக நாட்டுப் பெண்களுக்கானது, 25 வயது ஆகியிருக்க வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும். அதனால் பயணத்துக்கு முன்பு இதை நம்பித் திட்டம் போட முடியாது. விஞ்ஞானம், பொறியியலில் கலாநிதிப் பட்டம் என்றால் ஷ்லம்பெர்ஜே நிறுவனத்தின் 2004 இல் ஆரம்பித்த பெண்களுக்கான திட்டத்தைப் பாருங்கள், அந்த வருடம் விண்ணப்பம் கோரியிருக்கிறார்களா என்று முதலில் உறுதி செய்துகொண்டு. முதல் பட்டத்துக்கு இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில்தான் நமக்குக் கைக்கெட்டியது, ஆணும் பெண்ணும் போடலாம்.

மஸ்கெலியா மாணவி: வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மா கொழுந்துக்குப் போய்விடுகிறார், படிவத்தில் ஒரு பக்கம் விளங்கவில்லை.

அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து இன்றிரவே எனக்கு அனுப்பு, அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிட்டு. அம்மாவின் கையெழுத்தை நாளைக் காலை பெரட்டுக்கு முன்பே வாங்கிவிடு.