சந்தா வீண் என்று விடுவதற்கு முன்

அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் உள்ள உங்கள் கிளினிக், வட்டார சுகாதாரத் தகவல் பரிமாற்ற அமைப்பில் (மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் நோயாளிகளின் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பு) சேர்ந்தும் யாரும் அதைத் திறப்பதில்லை, சந்தா வீண் என்கிறீர்கள். திறக்காததில் வியப்பில்லை. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு கடவுச்சொல்லைத் தேடி எந்த மருத்துவர் போவார்?

செய்தி உங்களைத் தேடி வரட்டும். நோயாளிகளின் பட்டியலை அந்த அமைப்பிடம் கொடுத்து, அவர்கள் மருத்துவமனையில் சேரும்போதும் டிஸ்சார்ஜ் ஆகும்போதும் வரும் அறிவிப்புகளைக் கேளுங்கள். நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் வைக்கும் மருத்துவமனைகள் இவற்றை அனுப்புவது 2021 மே முதல் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) விதிப்படி கட்டாயம். காலையில் ஒரு செவிலியர் பார்த்தால் போதும். டிஸ்சார்ஜ் ஆனவரை இரண்டு வேலை நாட்களுக்குள் தொலைபேசியில் அழைத்து, மருந்துகளைச் சரிபார்த்து, சிக்கலுக்கேற்ப 7 அல்லது 14 நாட்களுக்குள் நேரில் பார்த்தால் மெடிகேர் தனிக் கட்டணம் தருகிறது. மருத்துவமனை நிறுத்திய மாத்திரையைப் பழைய புட்டியிலிருந்து இன்னும் விழுங்கிக்கொண்டிருப்பவர் அந்த அழைப்பில்தான் அகப்படுவார்.

ஒரே பரிசோதனையை மீண்டும் செய்யும் செலவு மிச்சமாகும் என்று சந்தாவை விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தின் பைக்குத்தான் போகும்.

உங்கள் கிளினிக் நியூயார்க்கில் இருந்தால், அந்த அமைப்பில் பதிவுகளைப் பார்க்கப் பொதுவாக நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அந்தப் படிவத்தை முதல் வருகையிலேயே வாங்கிவிடுங்கள்.