கூரைக்கு ஆளுக்கு 7,200 பவுண்ட்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஃப்ரீஹோல்டர்களைப் பற்றித்தான், அதாவது ஃப்ளாட் இருக்கும் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரர்கள். மூன்றை எடுத்திருக்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். வேல்ஸிலும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதை நம்பிக் கடிதம் எழுதிவிடாதீர்கள், அங்கே கதையே வேறு.

கேள்வி: ஹாரோவில் ஒரு பழைய வீட்டை நாலு ஃப்ளாட்டாகப் பிரித்ததில் மேல்மாடி எங்களுடையது. சில மாதங்களுக்கு முன் ஃப்ரீஹோல்டை யாரோ ஏலத்தில் வாங்கிவிட்டார்கள். வாங்கியவர் சாரம் கட்டிக் கூரையை மாற்றினார், இப்போது ஆளுக்கு 7,200 பவுண்ட் என்று பில் வந்திருக்கிறது. வேலை தொடங்குமுன் ஒரு கடிதம்கூட வரவில்லை. "ஒரு பென்னிகூடக் கொடுக்காதே, கோர்ட்டுக்குப் போகட்டும்" என்கிறார் கணவர். கொடுக்காவிட்டால் ஃப்ளாட்டைப் பிடுங்கிவிடுவார்களா?
— பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பில் கட்டவில்லை என்றதும் பூட்டை மாற்றிவிட முடியாது. அந்தத் தொகை உண்மையிலேயே கட்ட வேண்டியதுதான் என்று ட்ரிப்யூனலோ (இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) கோர்ட்டோ தீர்மானித்த பிறகு, அல்லது நீங்களே ஒப்புக்கொண்ட பிறகுதான் லீஸை, அதாவது ஃப்ளாட்டில் உங்களுக்குள்ள நீண்டகாலக் குத்தகையை, பறிக்கும் பேச்சே எடுக்கலாம், அதற்கும் மேலே கோர்ட் இருக்கிறது. நடைமுறையில் ஃப்ரீஹோல்டர்கள் செய்வது வேறு. உங்கள் மோர்ட்கேஜ் கொடுத்த வங்கிக்கு ஒரு கடிதம் போடுவார்கள், வங்கி பயந்து பணத்தைக் கட்டிவிட்டு உங்கள் கடனில் ஏற்றிவிடும். அதனால் தகராறு இருக்கிறது என்பதை வங்கிக்கு நீங்களே முந்திக்கொண்டு எழுத்தில் சொல்லிவையுங்கள்.

சரி, பில்லுக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 20-ஆம் பிரிவு என்று ஃப்ளாட்காரர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்களே, அது இதற்குத்தான். ஒரு வேலையில் யாராவது ஒரு ஃப்ளாட்காரர் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் ஃப்ரீஹோல்டர் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் கருத்துக் கேட்டு, உங்களுக்குத் தெரிந்த கான்ட்ராக்டரைச் சொல்லவும் இடம் கொடுத்து, குறைந்தது இரண்டு எஸ்டிமேட் வாங்கிக் காட்டி, மறுபடி 30 நாள் பொறுக்க வேண்டும். இது எதுவும் நடக்கவில்லை என்றால் ஆளுக்கு 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது.

உடனே கணவரிடம் காட்டிக் கொண்டாடிவிடாதீர்கள். "விதியைத் தளர்த்துங்கள்" என்று ஃப்ரீஹோல்டர் ட்ரிப்யூனலில் கேட்கலாம். 2013-ல் மஸ்வெல் ஹில் வழக்கொன்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஏறக்குறைய 2,80,000 பவுண்ட் வேலை, நோட்டீஸ் முறை சரியாக நடக்கவில்லை, ஐந்து ஃப்ளாட்காரர்களும் ஆளுக்கு 250 கட்டினால் போதும் என்றுதான் கீழே தீர்ப்பு வந்திருந்தது. சுப்ரீம் கோர்ட் அதைப் புரட்டிவிட்டது, அதுவும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். நோட்டீஸ் தவறியதால் உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தது என்பதுதான் கேள்வி என்றார்கள். கடைசியில் பில்லில் 50,000 பவுண்ட் குறைத்துக்கொண்டு ஃப்ரீஹோல்டருக்கு விலக்குக் கிடைத்தது. தீர்ப்பு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் சட்டம்.

ஆகவே "நோட்டீஸ் வரவில்லை" என்பது மட்டும் போதாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கூரை ஆட்கள் இரண்டு பேரிடம் இதே வேலைக்கு எழுத்தில் விலை வாங்குங்கள். முழுக் கூரையையும் மாற்ற வேண்டியிருந்ததா, ஓட்டை ஒட்டினால் போதுமா என்று ஒரு சர்வேயரைக் கேளுங்கள், அந்தச் செலவை நாலு வீட்டுக்காரர்களும் பங்கு போடலாம். பழைய போட்டோ ஏதாவது கைபேசியில் இருந்தால் அதுவும் தங்கம்.

இதற்கெல்லாம் முன்னால் லீஸை எடுத்து வாசியுங்கள். நம் ஆட்கள் அதை வாங்கிய நாளில் அலமாரியில் வைத்ததோடு சரி. மேல்மாடி என்கிறீர்கள், சில லீஸ்களில் கூரையே மேல்மாடிக்காரர் பொறுப்பு என்று இருக்கும், அப்படி இருந்தால் கணக்கே தலைகீழ். பங்கு சமமாகக் காலா, சதுர அடிக் கணக்கா என்பதும் அதில்தான் இருக்கிறது. பிரதி இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சிறு கட்டணத்துக்குக் கிடைக்கும்.

பில்லையும் திருப்பிப் பாருங்கள். ஃப்ரீஹோல்டரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? உங்கள் உரிமைகளைச் சொல்லும் அச்சுத்தாள் ஒன்று கூட இணைந்திருக்க வேண்டும், வந்ததா? வரவில்லை என்றால் சரியான பில் வரும்வரை கட்டாமல் நிறுத்தி வைக்கச் சட்டப்படியே உரிமை உண்டு. ஆனால் இது தற்காலிகம்தான், ஒழுங்கான பில் மறுநாளே வரலாம்.

கணவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று. வழக்கமான சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக்கான பங்கு), இன்ஷூரன்ஸ் பங்கு, இவற்றைத் தவறாமல் கட்டுங்கள். தகராறு கூரைக்கு மட்டும் என்று எழுதுங்கள், பில்லுக்கான ரசீதுகளைப் பார்க்கக் கேளுங்கள், போனில் பேசினால் அன்றே மின்னஞ்சலில் "இன்று நாம் பேசியது" என்று போட்டுவையுங்கள். "தொகை சரிதான், தவணை கொடுங்கள்" என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள், ஒப்புக்கொண்டதை அப்புறம் ட்ரிப்யூனலில் கேட்க முடியாது. ஒருவேளை நெருக்கடியில் பணத்தைக் கட்டிவிட்டாலும் ஆட்சேபத்துடன் கட்டுகிறோம் என்று எழுதிக் கட்டுங்கள், கட்டியது மட்டுமே ஒப்புதல் ஆகாது.

ஃப்ரீஹோல்டர் மசியாவிட்டால் ஃபர்ஸ்ட்-டியர் ட்ரிப்யூனலின் சொத்துப் பிரிவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. அந்தப் படிவத்தோடு, ஃப்ரீஹோல்டர் தன் வழக்குச் செலவை அடுத்த வருஷ சர்வீஸ் சார்ஜில் உங்கள் தலையில் கட்டக்கூடாது என்று அதே 1985 சட்டத்தின் 20சி பிரிவின் கீழும் உத்தரவு கேட்டுவிடுங்கள். இதை மறந்து, வழக்கில் ஜெயித்து பில்லில் தோற்றவர்கள் உண்டு. அரசு நிதியில் நடக்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், முதலில் அங்கே கேளுங்கள்.

இன்னொன்று, கடிதத்தில் போகிற போக்கில் ஏலம் என்று சொல்லிவிட்டுப் போகிறீர்களே! 1987-ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டப்படி இப்படிப்பட்ட கட்டடத்தின் ஃப்ரீஹோல்டை விற்குமுன் பொதுவாக ஃப்ளாட்காரர்களுக்குத்தான் முதலில் கொடுக்க முன்வர வேண்டும், ஏலம் என்றாலும் நோட்டீஸ் உண்டு. விற்றவர் அங்கேயே குடியிருந்தவர் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அப்படி எதுவும் இல்லாமல், நோட்டீஸும் தராமல் விற்றிருந்தால் அது குற்றம், பெரும்பான்மை ஃப்ளாட்காரர்கள் சேர்ந்து அதே விலைக்குப் புதியவரிடமிருந்து வாங்கிக்கொள்ளக்கூட வழியிருக்கிறது. காலக்கெடு மாதக் கணக்கில்தான், எனவே இந்த வாரமே ஒரு சொலிசிட்டரிடம் போங்கள். கூரையைவிட இதுதான் பெரிய விஷயமாக இருக்கலாம்.

கேள்வி: ஃப்ளாட்டை வாடகைக்கு விட அனுமதி கேட்டேன். மேனேஜிங் ஏஜென்ட் 165 பவுண்ட் கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?
— ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: அனுமதி வேண்டும் என்று உங்கள் லீஸ் சொல்கிறதா, அதை முதலில் பாருங்கள். சொன்னாலும் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும். 2012-ல் அப்பர் ட்ரிப்யூனல் (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) இதே மாதிரி வழக்குகளில் 40 பவுண்டும் வாட் (VAT) வரியும் போதும் என்றது. விலைவாசி ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நாலு மடங்கு ஏறவில்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்லி, 165 பவுண்டுக்கு என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே இறங்கி வருவார்கள்.

கேள்வி: மூன்று வருஷமாக கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) கேட்டு எதுவும் வரவில்லை. நாமே அனுப்பிவிடலாமா?
— குரோய்டன் வாசகி

பதில்: வேண்டாம். முறையான படிவத்தில் கேட்டால்தான் அது கட்ட வேண்டிய பணம். ஆனால் ஆறு வருஷம் வரைக்குமான பாக்கியைச் சேர்த்துக் கேட்கலாம், பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வேறு முகவரிக்கு மாறியிருந்தால் அதை ஃப்ரீஹோல்டருக்கு எழுதித் தெரிவித்தீர்களா?