விதைக்கும் தேதியே ரகத்தைத் தீர்மானிக்கும்: வட இந்தியக் குளிர்காலக் காய்கறிகள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

வேலை நிமித்தமாகவோ குடும்பத்தோடோ வட மாநிலங்களில் குடியேறி, அங்கே சிறு நிலங்களில் காய்கறி பயிரிடுகின்ற அல்லது பயிரிடுவோருக்குத் துணை நிற்கின்ற வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் மகளிர் குழுக்களோடு பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஒரு குழுவினர் அக்டோபர் தொடக்கத்தில் காலிஃபிளவர் விதைத்து நவம்பரில் நாற்று நட்டார்கள். செடி ஆறேழு இலை விட்டதும் எலுமிச்சை அளவில் பூ வைத்து, அதோடு நின்றுவிட்டது. உரம் போதவில்லை என்கிறார் விதைக் கடைக்காரர். தவறு எங்கே நடந்தது?
– வாசகி, பாராபங்கி

பதில்: விதைப் பையில் அச்சிட்டிருந்த ரகத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆயினும் நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், முன்பருவத்தில் நடவேண்டிய ரகம் பின்பருவத்தில் நடப்பட்டிருக்கிறது என்றே கருதவேண்டியிருக்கிறது. காலிஃபிளவர் பூ வைப்பதற்குச் செடியின் வயது மட்டும் போதாது. அந்தந்த ரகத்துக்கு உரிய வெப்பநிலையும் வந்து சேரவேண்டும். முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே பூ வைக்கும் இயல்புடையவை. அவற்றை நவம்பரில் நட்டால், செடி இலைகளைப் பெருக்கிக்கொள்வதற்கு முன்பே குளிர் வந்து பூ வைக்கத் தூண்டிவிடுகிறது. ஆறேழு சிறிய இலைகள் தயாரித்துத் தரும் உணவைக் கொண்டு முழுப் பூ வளர இயலாது என்பதால், அது பொத்தான் அளவிலேயே நின்றுவிடுகிறது.

கடைக்காரர் சொன்னது முழுவதும் தவறன்று. தழைச்சத்துக் குறைவு, நீர்ப்பற்றாக்குறை, ஆறு வாரங்களுக்கு மேல் நாற்றங்காலிலேயே முதிர்ந்துவிட்ட நாற்று ஆகிய மூன்றும் இந்தக் குறையை மிகுதிப்படுத்தும். ஆனால் ஒரு வயல் முழுவதும் ஒரே மாதிரி பொத்தான் பூ வைத்திருந்தால், முதலில் ரகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பெண்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை என்பதை அவர்களிடம் நீங்கள் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

சமவெளியில் காலிஃபிளவரை ஒரே பெயர் கொண்ட நான்கு பயிர்களாக நினைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. மே கடைசியிலும் ஜூனிலும் விதைத்து, செப்டம்பர், அக்டோபரில் அறுக்கும் பூசா மேக்னா போன்றவை முதல் வகையைச் சேர்ந்தவை. ஜூலை, ஆகஸ்டில் விதைக்கும் பூசா சரத் போன்றவை நவம்பர் வாக்கில் அறுவடைக்கு வரும். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டம்பரில் விதைக்கும் பூசா சுக்தி, பூசா பௌஷ்ஜா ஆகியவை 12 முதல் 16 டிகிரியில் பூ வைத்து, டிசம்பர், ஜனவரியில் கிடைக்கும். செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை விதைக்க வேண்டியது பூசா ஸ்நோபால் கே-1 போன்ற ஸ்நோபால் வகை. அது 10 முதல் 16 டிகிரிக் குளிர் கிடைத்தால்தான் பூ வைக்கும். உங்கள் குழுவினர் விதைத்த தேதிக்கு இந்தக் கடைசி வகைதான் பொருத்தமாக இருந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, ஸ்நோபால் விதையை ஜூலையில் போட்டால் செடி பூவே வைக்காமல் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும்.

காலிஃபிளவர் 1822ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர் தோட்டத்துக்கு வந்தது என்று தோட்டக்கலை நூல்கள் பதிவு செய்கின்றன. குளிர்நாட்டுச் செடியாக வந்த அதிலிருந்து, வெயிலைத் தாங்கிய செடிகளை ஆண்டுதோறும் விதைக்காக ஒதுக்கி ஒதுக்கி, முன்பருவ வகைகளை உருவாக்கியவர்கள் சமவெளி உழவர்களே. இன்று கடையில் விற்கும் முன்பருவ ரகங்களுக்கு அவர்களின் தேர்வுதான் அடித்தளம்.

வரும் பருவத்துக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் இரண்டிலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு பெரும் சேதம் விளைவிக்கும். 25 வரிசைக்கு இரண்டு வரிசை கடுகை ஊடே விதைத்தால், பூச்சி கடுகை நாடிப் போகும். அங்கே மட்டும் கட்டுப்படுத்தினால் மருந்துச் செலவு பெரிதும் குறையும். கடுகில் ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்னதாகவும், மற்றொன்றை நடவுக்கு 25 நாள் பின்னதாகவும் விதைப்பது வழக்கம்.

கேள்வி: நீலகிரிக்காரனாகிய நான், ஓய்வு பெற்றபின் அரியானாவில் சோனிபத் அருகே மகனோடு வசிக்கிறேன். இங்கே சந்தையில் சிவப்புக் கேரட்டே நிறைந்திருக்கிறது. 25 சென்ட் நிலத்தில் எங்கள் ஊர்ச் செம்மஞ்சள் கேரட்டை விளைவிக்க முடியுமா? விதையை நானே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சோனிபத்

பதில்: விளைவிக்கலாம், ஆனால் விதைக்கும் காலம் வேறு. நீங்கள் சந்தையில் பார்க்கும் சிவப்புக் கேரட் ஆசிய வகை. அது ஓரளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதால், ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முற்பகுதி வரை விதைக்கிறார்கள். ஊட்டியில் நீங்கள் பார்த்துப் பழகிய நாண்டிஸ் போன்ற ஐரோப்பிய வகையை அக்டோபர் நடுவிலிருந்து நவம்பருக்குள் விதைப்பது நல்லது. கிழங்கில் நல்ல நிறம் ஏறுவதற்கு 15 முதல் 20 டிகிரி வெப்பம் ஏற்றது என்பதால், இரண்டு வகையிலும் அவசரப்பட்டு முன்கூட்டி விதைத்தவர்களுக்கு வெளிறிய கிழங்கே கிடைக்கும்.

விதை விஷயத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஐரோப்பிய வகை பூப்பதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை 10 டிகிரிக்கும் குறைவான குளிர் தொடர்ந்து தேவை. ஆகவே அதன் விதையை குல்லு பள்ளத்தாக்கின் கட்ராயின் போன்ற மலைப்பகுதிகளில்தான் எடுக்கிறார்கள். ஆசிய வகையோ சோனிபத்திலேயே விதை தரும். டிசம்பர், ஜனவரியில் பிடுங்கும்போது நேராகவும் உள்ளே இருக்கும் நடுப்பகுதி மெல்லியதாகவும் உள்ள கிழங்குகளைத் தேர்ந்து, கீழ்ப்பகுதியையும் தழையையும் சற்று வெட்டிவிட்டு மறுபடி நட்டால், வசந்தத்தில் பூத்துக் கோடையில் விதை முற்றும். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் வேறு கேரட் பூத்திருக்கக் கூடாது. தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும்.

என்னைக் கேட்டால், 25 சென்ட்டில் 20 சென்ட்டைச் சிவப்புக்கே கொடுக்கச் சொல்வேன். அந்த ஊர் வீடுகளில் குளிர்காலம் முழுவதும் அல்வாவுக்கு அதைத்தான் தேடுகிறார்கள். பூசா ருதிரா நல்ல ரகம். புளிக்கவைத்துக் குடிக்கும் காஞ்சி என்ற பானத்துக்குக் கருங்கேரட் வாங்குவோரும் உண்டு. பூசா அசிதா அதற்குரியது. மீதி ஐந்து சென்ட்டில் உங்கள் நாவுக்குப் பழகிய கேரட் இருக்கட்டும்.

25 சென்ட்டுக்கு ஏறத்தாழ 600 கிராம் விதை வேண்டும். மண்ணை ஓரடி ஆழத்துக்குப் பொலபொலவென்று ஆக்கி, கல்லைப் பொறுக்கி, மண்ணை மேட்டு வரிசைகளாக அணைத்துப் பார் பிடித்து அதன் உச்சியில் விதையுங்கள். மக்காத சாணத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். விதை முளைக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காய்ந்து இறுகாமல் பார்த்துக்கொள்வதும், முளைத்தபின் ஆறேழு சென்டிமீட்டருக்கு ஒரு செடி நிற்கும்படி மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கலைத்துவிடுவதும் முக்கியம்.

கேள்வி: இத்தனை ரகங்களின் பெயர் ‘பூசா’ என்று தொடங்குவது ஏன்?
– வாசகர், தில்லி

பதில்: பூசா என்பது பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ள ஊர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1905இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு பூகம்பத்தில் கட்டடம் சிதைந்ததால், 1936இல் அது தில்லிக்கு இடம் மாறியது. ஊரின் பெயரும் உடன் வந்து ரகங்களில் தங்கிவிட்டது. இதேபோல் ‘அர்கா’ என்றால் பெங்களூருவின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ‘குஃப்ரி’ என்றால் சிம்லாவின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் என்று விதை வாங்குவோர் அறிந்து வைத்திருப்பது பயன் தரும்.

கேள்வி: மீரட் அருகே அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீர் வாரம் ஒரு முறைதான் எங்கள் பங்குக்கு வரும். நானும் என் மனைவியும் மட்டுமே வேலை செய்கிறோம். என்னென்ன பயிரிடலாம்?
– வாசகர், மீரட்

பதில்: ஜனவரியில் எல்லா வயல்களிலிருந்தும் காலிஃபிளவரும் முள்ளங்கியும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்து குவியும், அறுவடைக் கூலிகூடக் கட்டாத விலைக்கு அவை போவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஆகவே அரை ஏக்கரையும் ஒரே காய்க்கு ஒப்படைக்காதீர்கள். வாரம் ஒரு முறை நீர் என்பது சமவெளிக் குளிர்காலத்தில் பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதுமானதே.

உங்கள் 50 சென்ட்டில் 20 சென்ட்டைப் பட்டாணிக்கு ஒதுக்குங்கள். ஆர்கல் என்ற குறுகிய கால ரகத்தை அக்டோபர் முதல் இரண்டு வாரங்களுக்குள் விதைத்தால், இரண்டு மாதத்தில் முதல் பறிப்புக் கிடைக்கும். 20 சென்ட்டுக்கு எட்டு முதல் பத்து கிலோ விதை போதும். செப்டம்பர் நடுவிலேயே விதைத்து முந்திக்கொள்ள நினைப்பவர்களின் வயலில் வாடல் நோயும் தண்டு ஈயும் செடிகளைத் தின்றுவிடுகின்றன. மாறாக மிகவும் தாமதித்தால், பூக்கும் காலம் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலத்தில் முன்பு பட்டாணி பயிரிட்டதில்லை என்றால், விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தோடு கலந்து நிழலில் உலர்த்தி விதைப்பது அவசியம். பூக்கும்போது ஒரு முறையும் காய் திரளும்போது ஒரு முறையும் இலேசாகப் பாய்ச்சுங்கள். தேங்கிய நீரைப் பட்டாணி தாங்காது.

பத்து சென்ட்டில் பூண்டு நடலாம். அக்டோபரில் பெரிய பற்களாகத் தேர்ந்து, 15 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியில் ஊன்றினால் மார்ச், ஏப்ரலில் பிடுங்கலாம். உலர்த்திக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும் என்பதால், அன்றைய விலைக்கே விற்றாக வேண்டிய நெருக்கடி உங்களுக்கு நேராது. யமுனா சஃபேத் அங்கே பழகிய ரகம்.

இன்னொரு பத்து சென்ட் பாலக்கீரைக்கும் வெந்தயக்கீரைக்கும். பாலக் ஒரு மாதத்தில் முதல் வெட்டுக்கு வந்து, பின் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டத் தரும். வீட்டுச் செலவுக்குக் கையில் காசு புரளும். மீதியில் காலிஃபிளவரை இரண்டு தவணையாக, மேலே பாராபங்கி வாசகிக்குச் சொன்ன தேதிகளின்படி வையுங்கள். முள்ளங்கியை வரப்போரங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சில வரிசைகள் மட்டும் போடுங்கள். செப்டம்பரில் பூசா தேசி, அக்டோபரிலிருந்து ஜாப்பனீஸ் ஒயிட், டிசம்பர் நடுவுக்குப் பின் பூசா ஹிமானி என்று ரகத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

உருளைக்கிழங்கை நான் சேர்க்கவில்லை. ஏக்கருக்கு பத்து குவிண்டாலுக்கு மேல் விதைக்கிழங்கு வாங்கவேண்டும். குளிர்பதனக் கிடங்கின் வாடகை வேறு. அதில் ஆசை இருந்தால், மீரட்டின் மோதிபுரத்திலேயே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. நேரில் சென்று கேளுங்கள்.

பட்டாணி வயலில் பதுவா என்ற களை தானாக முளைக்கும். அது நம் சக்கரவர்த்திக்கீரைதான். களை எடுக்கும்போது எறிந்துவிடாமல் கட்டு கட்டி விற்கலாம். அங்கே தயிரில் கலந்தும் ரொட்டி மாவில் பிசைந்தும் உண்கிறார்கள்.

கேள்வி: கர்னாலில் வெங்காயம் போட்டோம். பாதிக்கு மேல் பூத்தண்டு விட்டு, குமிழ் பெருக்காமல் போயிற்று. காரணம் என்ன?
– வாசகி, கர்னால்

பதில்: நவம்பரிலேயே பெரிய நாற்றாக நட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தடித்த நாற்று நீண்ட குளிரைச் சந்தித்தால் பூக்கத் தொடங்கிவிடும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் நாற்றங்காலில் விதைத்து, ஏறத்தாழ எட்டு வாரமான மெல்லிய நாற்றை டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி நடுவுக்குள் நடுங்கள். மீரட் வாசகரும் பட்டாணி முடிந்த நிலத்தில் இதைச் செய்யலாம். பூத்தண்டு விட்ட வெங்காயம் சேமிப்பில் நிற்காது. அதை முதலில் சமையலுக்கு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வசந்த கால நடவுக்காக நவம்பரில் விட்ட தக்காளி, மிளகாய் நாற்றுகள் ஜனவரி உறைபனியில் கருகிவிடுகின்றன. என்ன செய்வது?
– வாசகர், அம்பாலா

பதில்: வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில்தான் உறைபனி விழும். அத்தகைய மாலையில் நாற்றங்காலுக்கு இலேசாக நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் காய்ந்த மண்ணைவிட அதிகமாகச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். மூங்கில் குச்சிகளை வளைத்து நட்டு, அதன்மேல் வைக்கோல் தட்டியோ பாலித்தீன் தாளோ போர்த்துங்கள். தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும் என்பதால் ஒரு சாண் உயரமாவது இடைவெளி வேண்டும். காலையில் வெயில் ஏறியவுடன் போர்வையை விலக்கிவிட வேண்டும். விலக்காமல் விட்டால் உள்ளே ஈரம் தங்கி, பனிக்குத் தப்பிய நாற்று நாற்றழுகல் நோயில் போய்விடும்.