காலி டின்னுக்கு என்ன கிடைக்கும்? காயலாங்கடை அனுபவத்தில் சில பதில்கள்

பீர் டின், கூல்டிரிங்ஸ் டின் சேர்த்து விற்றால் கைச்செலவுக்கு ஆகுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். திருச்சிப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில் பதினெட்டு வருடம் தராசுக்குப் பின்னால் நின்றவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன். இன்றைய விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். லண்டன் உலோகச் சந்தையும் டாலரும் அசைந்தால் எங்கள் ஊர்க் கடையிலும் அசையும், நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும்.

தாம்பரத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, பார்ட் டைமாக டின் சேர்த்தால் மாதம் எவ்வளவு வரும்?

தம்பி, கணக்குப் போட்டுப் பார். காலி டின் ஒன்று 13, 14 கிராம் இருக்கும். அப்படியென்றால் கிலோவுக்கு 70 டின். கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு டின்னுக்கு ஒன்றரை ரூபாய் கூடத் தேறாது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து 200 டின் எடுத்தாலும் 300 ரூபாயைத் தொடமாட்டாய், முதுகுவலி மாத்திரைக்குத் தனிக் கணக்கு. தெருவில் பொறுக்குவதில் காசு இல்லை, டின் தானாகச் சேருகிற இடத்தில்தான் இருக்கிறது. ரிசார்ட், பார், ஹாஸ்டல் கேண்டீன், வெல்கம் டிரிங்க் கொடுக்கிற கல்யாண மண்டபம், இப்படி நாலு இடத்தில் பேசி வாரம் ஒரு நாள் சாக்கோடு போய் எடுத்து வா. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு அம்மாவோ பெரியவரோ எடுத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடு. உனக்கு அது பாக்கெட் மணி, அவர்களுக்கு அன்றைய அரிசி.

ஓசூரில் இருந்து ஒரு அக்கா: எது அலுமினியம், எது தகரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம். ஒட்டினால் இரும்புத் தகரம், ஒட்டாவிட்டால் அலுமினியம். ரசகுல்லா டின், பெயிண்ட் டப்பா எல்லாம் ஒட்டும். ஒரு சாக்கில் நாலு தகர டின் கலந்திருந்தால் கடைக்காரர் மொத்தச் சாக்கையும் கலப்புச் சரக்கு என்று சொல்லி விலையை இறக்குவார், நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதனால் காந்தம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். அப்புறம், சென்ட் ஸ்பிரே டப்பா வேண்டவே வேண்டாம். உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும், நசுக்கும்போது வெடிக்கும்.

மதுரையில் இருந்து: நசுக்கிக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா?

நசுக்குங்கள். நசுக்காமல் போட்டால் ஒரு பெரிய சாக்குக்கு மூன்று கிலோ கூட நிற்காது, ஆட்டோ வாடகையே அதைத் தின்றுவிடும். ஆனால் முதலில் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள், உள்ளே சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி: இங்கேயும் நசுக்கலாமா?

அங்கே நசுக்காதே. 2026 ஏப்ரலில் இருந்து டின்னுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 10 காசு டெபாசிட் திட்டம் என்று அறிவித்தார்கள். திருப்பிக் கொடுக்கும்போது டின்னில் அச்சடித்த குறியீட்டை இயந்திரம் படிக்க வேண்டும், நசுங்கினால் எப்படிப் படிக்கும்? நம் நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்களே, அதே யோசனைதான்.

திண்டிவனத்தில் இருந்து: இன்றைக்குக் கிலோ என்ன விலை?

முதல் பத்தி.

கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்: ஜன்னல் செக்‌ஷனுக்கு நல்ல விலை தருகிறார்கள், டின்னுக்குக் குறைக்கிறார்கள். ரெண்டும் அலுமினியம்தானே சார்?

நல்ல கேள்வி. இரண்டும் அலுமினியம்தான், ஆனால் ஒரே அலுமினியம் இல்லை. டின்னின் உடம்பில் மாங்கனீசு கலந்திருக்கும், மேல் மூடியில் மெக்னீசியம் அதிகம். மூடி உறுதியாக நிற்க அது வேண்டும். வெளியே பெயிண்ட், உள்ளே அரக்குப் பூச்சு. தகடோ காகிதம் மாதிரி மெல்லியது, உலையில் போட்டால் கணிசமான பங்கு எரிந்து கசடாகப் போகும். ஜன்னல் செக்‌ஷன் கனமானது, ஒரே ரகம், உருக்கினால் அப்படியே இறங்கும். கரண்ட் கம்பி இன்னும் சுத்தம், விலையும் அதற்குத்தான் அதிகம். வீட்டுப் பாத்திரம் இந்த இரண்டுக்கும் டின்னுக்கும் நடுவில். "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவினார்களே, அந்த ஈயத்தில் பாதிக்கு மேல் அலுமினியக் குண்டான்தான், பாட்டிகள் அதை ஈயம் என்றே சொல்வார்கள்.

இந்தக் குப்பைக்கு விலையே எதற்கு என்று கேட்டால், மின்சாரம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் உண்டு, அந்த மாதிரி ஆலை கரண்டை மடக் மடக்கென்று குடிக்கும். பழசை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும்.

விழுப்புரத்தில் இருந்து: இழுத்துத் திறக்கும் வளையத்தை மட்டும் தனியாகச் சேர்த்தால் கூடுதல் விலை என்கிறார்களே?

வாட்ஸ்அப் கதை. ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும், விரல்தான் கிழியும். டின்னோடேயே விடுங்கள்.

ஈரோட்டில் இருந்து ஒருவர்: கடைக்காரர்கள் தராசில் அடிக்கிறீர்கள். அதனால் நாங்கள் டின்னுக்குள் மணல் போட்டு நசுக்குகிறோம். இதில் என்ன தப்பு?

உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் சரக்கை வாங்கி உருக்கும் பட்டறையில் ஒரு தடவை நசுங்கிய டின் ஒன்றுக்குள் ஈர மணல் இருந்திருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உலையில் அதைவிடச் சூடாக நிற்கும். அந்தக் குழம்புக்குள் ஈரம் போய்ச் சிக்கினால் நொடியில் ஆவியாகி மேலே இருக்கும் உலோகத்தைத் தூக்கி எறியும். பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரண்டி பிடித்திருந்த பையனின் முன்கையில் ஐந்து ரூபாய் அளவுக்கு நாலு இடத்தில் ஒட்டிக்கொண்டது, உரித்து எடுத்தபோது தோலோடு வந்தது. தராசில் அடித்தவன் முதலாளி, வெந்தது கூலிக்கு நின்றவன் கை.

நடுவில் சேலத்துக்காரர் ஒருவர்: முதலில் அடித்தது யார் என்று சொல்லுங்கள் சார். கொக்கித் தராசில் கிலோவுக்கு நூறு கிராம் போகிறது.

ஈரோட்டுக்காரர் மறுபடி: அதைச் சொல்லாமல் உலைக் கதை சொல்கிறார்!

சரி, சொல்கிறேன். அடித்திருக்கிறோம். நான் சேர்ந்த கடையில் தட்டுக்கு அடியில் ஒரு காந்தத் துண்டு ஒட்டியிருந்தது, ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. அதற்கு மருந்து மணல் இல்லை. பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், உங்கள் சரக்கை ஏற்றும் முன் அதைத் தட்டில் வையுங்கள். 950 காட்டினால் சிரித்துக்கொண்டே சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் முத்திரை போட்டிருக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். புகாருக்குத் தொழிலாளர் துறையில் ஆள் இருக்கிறார்கள்.

சேலத்துக்காரர்: வீட்டு வாசலுக்கு வரும் வண்டிக்காரரிடமும் உப்புப் பாக்கெட்டா?

அவரிடமும்தான். ஆனால் அவர் வெயிலில் வண்டி தள்ளி வருகிறார், கடை விலை தரமாட்டார், அதற்காகக் கோபப்படாதீர்கள்.

திண்டிவனத்தில் இருந்து வேறொருவர்: பீர் டின் ரேட் ப்ளீஸ்?

உங்கள் ஊரில் மேலே படிக்கும் வழக்கம் இல்லையா?

கும்பகோணத்தில் இருந்து: டின்னோடு கரண்ட் கம்பியும் வாங்கி விற்கலாமா?

எரித்த கம்பி, துண்டு துண்டாக வெட்டிய கம்பி எதையும் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் வழக்கு வரும், பழைய ஐபிசியில் அது 411. எனக்குத் தெரிந்து இரண்டு கடை இதனால் மூடியது. ரப்பரை எரித்துக் கம்பி எடுப்பதும் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

நாமக்கல்லில் இருந்து: நானே வீட்டில் உருக்கிக் கட்டியாக விற்றால் கூடுதல் லாபமா, யூடியூபில் பார்த்தேன்?

கடைக்காரர் கட்டியைப் பார்த்ததும் உள்ளே என்ன கலந்திருக்கிறதோ என்று விலையைக் குறைப்பார். ஈரோட்டுக்காரருக்கு எழுதிய பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

ஓசூர் அக்கா மறுபடி: காந்தம் எங்கே வாங்குவது?

வாங்காதீர்கள் அக்கா. வீட்டில் ஓடாத பழைய ஸ்பீக்கர் கட்டாயம் ஒன்று கிடக்கும், பின்னால் கறுப்பு வளையம் மாதிரி இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துக் கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள், விரலை நடுவில் விடாமல். மிச்ச ஸ்பீக்கரையும் சாக்கில் போடுங்கள், உள்ளே கொஞ்சம் செம்பு இருக்கும்.